எரிமீன் எண்ணும் இரவு

பங்குனி மாதத்து நள்ளிரவு ஒன்றில் எரிமீன் விழக் கண்டு, அரசனுக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சினார் கூடலூர் கிழார். ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தே போனான். புறநானூற்றின் 229ஆம் பாட்டு அந்தத் துயரம்தான். ஓர் எரிமீனுக்கு ஓர் அரசன் என்று கணக்கு வைத்தால், டிசம்பர் 14 விடியலில் ஜவ்வாது மலைமேல் விழுவனவற்றுக்கு மூவேந்தர் பரம்பரை முழுவதும் போதாது.

ஜெமினிட் என்று வானியலார் அழைக்கும் இந்தப் பொழிவு, புனர்பூச நட்சத்திரங்களின் பக்கமிருந்து கிளம்புவதுபோல் தெரியும். 1862இல்தான் இதைத் தனிப் பொழிவாக அடையாளம் கண்டார்கள். அந்தக் காலத்தில் மணிக்கு 15, 20 கண்டாலே அதிகம். இன்று நல்ல இருட்டில், புனர்பூசம் உச்சியில் நிற்கும்போது, 120ஐத் தாண்டும். வியாழனின் ஈர்ப்பு, இப்படி எரிந்து விழும் துகள்களின் கூட்டத்தைச் சிறிது சிறிதாகப் பூமியின் பாதைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்ததே காரணம்.

துகள்கள் எங்கிருந்து வந்தன என்பது 121 ஆண்டுகள் புதிராகவே கிடந்தது. பொழிவுக்குத் தாய் ஒரு வால்மீனாகத்தான் இருக்கும் என்று தேடினார்கள். 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் படங்களில் அகப்பட்டதோ ஒரு சிறுகோள். அதன் பாதையும் ஜெமினிட் பாதையும் ஒன்றே என்று கண்டு சொன்னவர் வானியலாளர் ஃபிரெட் விப்பிள். பேத்தான் என்று பெயர் வைத்தார்கள். 524 நாளுக்கு ஒருமுறை, புதன் நெருங்குவதில் பாதித் தொலைவுக்கும் உள்ளே சூரியனிடம் போய்விட்டுத் திரும்பும் பாறை அது. வால்மீன் அல்லாத ஒன்று இவ்வளவு துகளை எப்படி உதிர்த்தது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

ஆக, வானம் தன் பங்கைப் பல மடங்கு கூட்டிவிட்டது. நாம்தான் குறைத்துக்கொண்டோம். 1960களின் கடைசியில் வானியலாளர் வைணு பாப்பு இதே ஜவ்வாது மலையின் காவலூரில் தொலைநோக்கி வைத்ததே அங்கிருந்த இருட்டை நம்பித்தான். இன்று அடிவாரத்து ஊர்களின் எல்.இ.டி. வெளிச்சம் மலையின் அடிவானத்தை வெளுக்க வைக்கிறது. சென்னை மொட்டை மாடியில் நாலைந்து தட்டுப்பட்டால் அதிர்ஷ்டம். அதற்கும் வடகிழக்குப் பருவமழை மனம் வைக்க வேண்டும்.

மேகத்துக்கு மட்டும் மாற்று கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து மிஞ்சிய ராணுவ ரேடார்களை வைத்து வானியலாளர் பெர்னார்டு லவல் 1946இல் இங்கிலாந்தில் எரிமீன்களின் எதிரொலியைப் பிடித்தார். பட்டப்பகலில் விழுபவைகூட அதில் சிக்கின. இன்று தானியங்கிக் கேமராக்கள் விடிய விடிய வானத்தைப் பதிவு செய்கின்றன. குளிரில் விறைத்த விரலோடு நோட்டில் கோடு போட ஆள் தேவையில்லை.

ஆனாலும் போர்வையும் பிளாஸ்கும் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காவலூரின் 2.3 மீட்டர் தொலைநோக்கி இந்த வேலைக்கு உதவாது. அது வானத்தில் ஒரு துளியைத்தான் பார்க்கும். எரிமீனுக்கு மல்லாந்து படுத்த வெறும் கண்ணே சரி. இரவு இரண்டு மணிவாக்கில் புனர்பூசம் தலைக்கு மேலே வரும். அதற்கு அரைமணி முன்பே கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும். யாராவது ஒருவர் மணி பார்க்கச் செல்போனைத் திறந்தால் போதும், பக்கத்தில் படுத்திருப்பவர்களின் அரைமணி நேரமும் சேர்ந்து வீண்.