எழுதிய ஸ்வரமும் எழுதாத ஸ்வரமும்

கதவு திறக்கும் கணமும் முகம் திரும்பும் கணமும் விநாடிக் கணக்கில் வகுக்கப்பட்டிருக்க, அதற்கேற்ப ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஏட்டில் எழுதிப் பெரியதொரு வாத்திய கோஷ்டியைக் கொண்டு வாசிக்கச் செய்வதே மேனாட்டுத் திரைப்படங்களின் நெடுநாளைய சம்பிரதாயம். ஃப்ரீ ஜாஸோ, மெட்டுக்கு அடியில் வழக்கமாக ஓடும் ஸ்வரக் கோவைகளின் கட்டளையையும், சில வேளைகளில் சீரான தாளத்தையுமே உதறிவிட்டு, வாசிப்பவரின் மனோதர்மம் போன வழியே போகும் சங்கீதம். நேர்விரோதமான இவ்விரண்டும் ஒரே படத்தில் எவ்வாறு ஒருங்கே ஒலிக்கக்கூடும் என்பதற்கு, 1991இல் வெளிவந்த ‘நேக்கட் லஞ்ச்’ படத்தினும் சிறந்த திருஷ்டாந்தத்தை நான் கேட்டதில்லை.

வில்லியம் பர்ரோஸின் நாவலைத் தழுவி டேவிட் க்ரோனன்பெர்க் இயக்கிய அப்படத்தின் நாயகன், வீடு வீடாகப் பூச்சி மருந்து அடிப்பவன். அந்தப் பொடியே போதையாகித் தட்டச்சு யந்திரம் வண்டாக மாறிப் பேசக் காணுமளவுக்குச் சித்தம் கலங்குகிறவன். லண்டன் ஃபில்ஹார்மோனிக் கோஷ்டிக்குரிய பகுதிகளை எழுதித் தாமே நடத்திய ஹோவர்ட் ஷோர், அவற்றின்மேல் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்க அழைத்தது ஃப்ரீ ஜாஸ் கலைஞரான ஆர்னெட் கோல்மனை. 1959இல் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் வாசித்து ரசிகர்களை இரு கட்சியாகப் பிளந்தவர் அவர். 1972இல் லண்டன் சிம்பொனி கோஷ்டியோடு ‘ஸ்கைஸ் ஆஃப் அமெரிக்கா’வைப் பதிவு செய்தவராதலால் பெரிய கோஷ்டியும் அவருக்குப் புதிதன்று. ஷோரும் இளமையில் சாக்ஸபோன் வாசித்தவரே.

படத்தின் தொடக்க இசையைக் கவனித்துக் கேட்க வேண்டும். தந்தி வாத்தியங்கள் தாழ்ந்த ஸ்தாயியில், அவசரமே இல்லாமல், முடிவுக்கு வராத கோவைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டுகின்றன. அவற்றினிடையே ஷோர் வேண்டுமென்றே விட்டுவைத்த வெளியில் சாக்ஸபோன் நுழைந்து, ஸ்வரஸ்தானத்தைச் சற்றே விலகி, மனிதக் குரல் விம்முவதுபோல வழுக்கி ஏறுகிறது. தந்திகள் அதைத் துரத்துவதுமில்லை, தேற்றுவதுமில்லை. திறமை குறைந்த ஒருவர் கையில், கோஷ்டி ஜாஸைப் போலப் பாவனை செய்திருக்கும், அல்லது சாக்ஸபோன் அலங்காரப் பொருளாகச் சிறுத்திருக்கும்; இங்கோ இரண்டும் தத்தம் சுபாவத்தை இம்மியும் விட்டுக்கொடாமல் நிற்க, அந்த இணங்காமையே, உலகத்தின் பாரத்தையும் அதனடியில் ஓயாது பிதற்றும் மனத்தையும் ஏககாலத்தில் நமக்குக் கேட்கச் செய்கிறது. கலப்பின் வெற்றி இதுவே என்பேன்.

கோஷ்டி ஒதுங்கும் இடங்களில், மகன் டெனார்டோ டிரம்ஸிலும் பேரி ஃபிலிப்ஸ் பாஸிலும் துணைநிற்க, கோல்மன் துரித கதியில் தனியே பாய்கிறார். படத்தின் இசைத்தட்டில் அவருடைய பழைய பதிவொன்றும் சேர்ந்துள்ளது: 1973இல் மொராக்கோவின் ஜஜூகா கிராமத்துக் குழல் வாத்தியக்காரர்களுடன் அவர் வாசித்தது. அப்போது அங்கே உடனிருந்தவர்களுள் நாவலாசிரியர் பர்ரோஸும் ஒருவர்.