தாய்மையும் தன் விருப்ப உடையும்

ஒரு பெண் தாயான பிறகு அவள் வீட்டில் வாங்கப்படும் துணிகளைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். குழந்தைக்குச் சட்டை வருகிறது. தொட்டிலுக்குத் துணி வருகிறது. கணவருக்கு வேட்டி வருகிறது. தாய்க்கென்று தேர்ந்து வாங்கும் துணி மட்டும் பண்டிகை வரையில் ஒத்திப்போடப்படுகிறது. பண்டிகையன்றும் பிறர் எடுத்துக் கொடுப்பதே அவளுக்குச் சேலையாகிறது. உனக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டால் சற்று நின்று யோசித்தே விடை சொல்ல வேண்டிய நிலையில் பல தாய்மார்கள் இருக்கின்றனர்.

இஃது அற்ப விஷயமன்று. "ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டுப் பழமொழி. உடை உடலை மறைப்பதோடு நிற்பதில்லை. உடுத்துபவர் தம்மைத் தாம் எவ்வாறு மதிக்கிறார் என்பதையும் அது காட்டுகிறது. பஞ்சு விளைவிப்போரும் துணி நெய்வோருமாகிய நாம் இதனைப் பிறர் விஷயமென்று ஒதுக்குவதற்கில்லை. தார் சுற்றியும் பாவு புணைந்தும் பிறர் உடுக்கும் சேலைக்கு உழைக்கும் நம் வீட்டுப் பெண்கள் பலர், தாங்கள் உடுப்பது மலிவான செயற்கை இழைச் சேலையாகவே இருப்பதையும் நாம் காண்கிறோம்.

தடை எங்கே இருக்கிறது?

பிரசவத்திற்குப் பின் உடல் பழைய அளவில் இருப்பதில்லை. பால் கொடுக்கும் காலத்தில் மார்பளவு ஒரே நாளிலும் கூடிக் குறையும். இது சில வாரங்களில் முடிந்துவிடும் காரியமுமன்று. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, பின்னர் மற்ற உணவோடு 2 வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அவ்வளவு காலம் ஒரு பெண் தனக்குப் பொருந்தும் உடையின்றி இருக்க வேண்டுமா?

சேலை தைத்த உடையன்று. ஆறு கஜத் துணி, அதாவது ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். மெலிந்தவரும் பருத்தவரும் அதனை ஒன்றுபோல் உடுக்கலாம். முந்தானையே பால் கொடுக்கும்போது மறைப்பாகவும் பயன்படுகிறது. ஆகவே தடை சேலையில் இல்லை, ரவிக்கையில் இருக்கிறது. பெட்டியிலுள்ள பத்து ரவிக்கைகளும் பொருந்தாமற் போனால் பத்துச் சேலைகளும் முடங்கிப் போகின்றன. இதனை உணராமல் தன் உடம்பே கெட்டுவிட்டதென்று தாய் மனம் சோர்கிறாள்.

இதற்குப் பரிகாரம் எளிது. ரவிக்கையின் பக்கத் தையலில் ஓர் அங்குலத்திற்குக் குறையாமல் உள்மடிப்பு விட்டுத் தைக்கச் சொன்னால், பின்னர் பிரித்து அகலப்படுத்தலாம். உடல் இளைத்தபின் மறுபடியும் பிடித்துக்கொள்ளலாம். கொக்கிகள் முன்புறம் இருத்தல் வேண்டும். கறுப்பு, அரக்கு, மஞ்சள் போன்று பல சேலைகளோடும் ஒத்துப்போகும் நிறங்களில் மூன்று பருத்தி ரவிக்கைகள் தைத்துக்கொண்டால், முடங்கிக் கிடந்த சேலைகள் யாவும் மீண்டும் புழக்கத்திற்கு வரும். சேலைக்குச் சேலை ஒரே நிற ரவிக்கை வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எந்தத் துணி ஏற்றது?

பால் கொடுக்கும் தாய்க்கு வியர்வை மிகுதி; துணியைத் துவைப்பதும் அடிக்கடி. ஈரத்தை ஏற்கும் குணமுள்ள துணியே அவளுக்கு உகந்தது. சாதாரணக் காற்று ஈரத்தில், 100 கிலோ உலர்ந்த பருத்தி சுமார் 8.5 கிலோ ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பாலியஸ்டர் ஏற்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. செயற்கை இழைச் சேலையில் உடம்பு புழுங்குவதன் காரணம் இதுவே.

பருத்தியிலும் நூல் நம்பரைக் கவனிக்க வேண்டும். ஒரு ராத்தல் நூலில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அதுவே நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெலியும்; சேலையின் பாரம் குறையும். குழந்தையைத் தூக்கி நடப்பவளுக்கு 80, 100 நம்பர் நூலில் நெய்த சேலை தோளில் இலேசாக நிற்கும். அத்தகைய நூலுக்கு நீண்ட இழைப் பஞ்சு வேண்டும். கோயம்புத்தூரில் 1968-இல் வெளியான எம்.சி.யு. 5 இரகமும், சுஜாதா, செயின்ட் வின்சென்ட் ஆகிய இரு இரகங்களைக் கலந்து 1974-இல் வெளியான சுவின் இரகமும் நம் விவசாயிகள் அறிந்தவையே. பஞ்சு விளையும் வயலுக்கும் தாயின் தோளுக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நெருக்கமானது.

நிறத்திலும் வகையிலும் விருப்பத்திற்கு இடமுண்டு. காரைக்குடிக் கண்டாங்கியின் கட்டங்களும் அகன்ற கரைகளும் அன்றாடக் கறைகளை எளிதில் காட்டிக்கொடா, அழகுக்கும் குறைவில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. 2005-இல் அக்குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி, முடிச்சிட்டுச் சாயம் ஏற்றிய புள்ளிகளையுடையது, மெல்லியது. குழந்தை முந்தானையைச் சப்பும் பருவத்தில் கரடுமுரடான சரிகையைத் தவிர்ப்பது நலம். புதுச் சேலையைத் தனியே நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்த பின்னரே உடுக்க வேண்டும். கேடு விளைவிக்கும் சில அசோ சாயங்களை மத்திய அரசு 1997-இல் தடை செய்தது. சாயமிடும் அங்கத்தினர்கள் இதனை மறத்தலாகாது.

விருப்பத்தை மீட்கும் வழி

ஒரு பகற்பொழுது பெட்டியைத் திறந்து துணிகளை மூன்றாகப் பிரிக்கலாம். இன்றே உடுக்கத்தக்கவை ஒன்று. சிறிது தையல் வேலை வேண்டுபவை ஒன்று. இனி மனத்திற்கு உவப்பில்லாதவை ஒன்று. மூன்றாம் பகுதியைத் தொட்டில் துணியாகவோ பிறருக்குக் கொடையாகவோ ஆக்கிவிடலாம். முதற் பகுதியிலிருந்து ஒரு நல்ல சேலையை விசேஷம் எதுவும் இல்லாத நாளில் உடுத்திப் பார்ப்பது முதற்படி. கன்னிப் பருவத்தில் விரும்பிய நிறமே இன்றும் பிடிக்கவேண்டும் என்பதில்லை. மனம் மாறியிருந்தால் மாறிய மனத்திற்கேற்பத் தேர்ந்துகொள்வதே சரி.

வேலைக்கு வசதியாக நைட்டியோ சுடிதாரோ அணிவதில் குற்றமில்லை. வசதி கருதித் தானே தேர்ந்தால் அதுவும் விருப்பமே. தேர்வதையே விட்டுவிடுவதுதான் இழப்பு.

"பிள்ளை பெற்றவளுக்கு இனி என்ன அலங்காரம்?" என்னும் பேச்சு சில வீடுகளில் எழுவதுண்டு. பிள்ளையைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு அழகு பார்க்கும் வீட்டார், அப்பிள்ளையைப் பெற்றவளும் தன்னை அழகு பார்த்துக்கொள்வதை ஏன் குறையாகக் கொள்ள வேண்டும்? தாயாகிவிட்டாள் என்பதனால் அவள் தன் பெயரையோ ரசனையையோ இழந்துவிடுவதில்லை.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

சேலையோடு சேர்ந்த ரவிக்கைத் துண்டு பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் அளவில் நெய்யப்படுகிறது. இதனை 1 மீட்டராக்கினால் தளர்வான ரவிக்கைக்கும் உள்மடிப்புக்கும் துணி கிடைக்கும். சரிகையற்ற, கெட்டிச் சாயமிட்ட, இலேசான சேலைகளைத் தாய்மார்களுக்கென்று தனியே விற்பனைக்கு வைக்கலாம். எந்த நிறம், எவ்வளவு அகலக் கரை என்று நெய்வதற்கு முன்னரே அவர்களைக் கேட்டறியலாம். நம் அங்கத்தினர் குடும்பங்களில் குழந்தை பிறந்தால், தாய் தானே தேர்ந்துகொள்ளும் ஒரு கைத்தறிச் சேலையைச் சங்கத்தின் அன்பளிப்பாக அளிக்கலாம்.

இதனால் தறிக்கு வேலையும் பஞ்சுக்கு விலையும் உண்டாகும் என்பது ஒரு பயன். நெய்த கைகளுக்கே நெய்த சேலை சென்று சேர்வது அதனினும் பெரிய பயன். அடுத்த முறை சேலை வாங்கும்போது, "இதைக் கட்டிக்கொள்" என்று எடுத்து நீட்டாமல், "எது வேண்டும்?" என்று தாயைக் கேட்கும் வழக்கத்தை நம் வீடுகளிலிருந்தே தொடங்குவோமாக.