ஓர் எலக்ட்ரான் குறை

1915 ஏப்ரல் 22 மாலை. பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படையினர் ஆயிரக்கணக்கான சிலிண்டர்களைத் திறந்துவிட்டார்கள். பசுமஞ்சள் நிறப் புகை காற்றோடு நகர்ந்து எதிரணியின் பதுங்குகுழிகளுக்குள் இறங்கியது. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமான குளோரின் அது. நுரையீரலின் ஈரத்தில் பட்டதும் அமிலமாகி உள்ளிருந்தே அரித்தது. முன்னின்று நடத்தியவர் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹாபர். அம்மோனியா தயாரிப்புக்காக 1918-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் அவருக்கே போனது.

நாம் தின்னும் உப்பின் எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு இதே குளோரின்தான். அது மட்டும் ஏன் நம்மைக் கொல்வதில்லை?

குளோரின் அணுவின் வெளிவட்டத்தில் ஏழு எலக்ட்ரான்கள். எட்டு சேர்ந்தால்தான் நிலைகொள்ளும். குறைகிற அந்த ஒன்றுக்காக எதிர்ப்படுவதையெல்லாம் பிடுங்கப் பார்க்கும். சோடியத்துக்கோ வெளியே ஒன்றே ஒன்று. அதைக் கொடுத்துவிடத் தயாராக நிற்கிறது. கைமாறிய மறுகணம் குளோரின் குளோரைடு ஆகிறது, வேகம் அடங்குகிறது. பாடநூல்கள் உப்பீனிகள் என்றழைக்கும் ஹாலஜன் குடும்பம் முழுவதற்கும் இதே குறைதான். ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் என்று கீழே இறங்க இறங்க மூர்க்கம் தணிந்துகொண்டே போகும்.

அந்தப் பிடுங்கும் குணம் கிருமிகளையும் விட்டுவைப்பதில்லை. 1847-இல் வியன்னா மருத்துவமனையில் பிணப் பரிசோதனை முடித்துவிட்டு நேரே பிரசவ அறைக்குப் போன மருத்துவர்களை, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார் இக்னாஸ் செம்மல்வைஸ். பிரசவக் காய்ச்சல் சாவுகள் சட்டென்று குறைந்தன. 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி தன் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கியது. நம் ஊர் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைப்பதும் அதே வேலைக்குத்தான். ஒரு எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரோடு கழிவறை கழுவும் ஆசிட்டைச் சேர்த்து ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

மூர்க்கத்தில் முதலிடம் ஃபுளோரினுக்கு. அதைப் பிரித்தெடுக்கப் போராடிய பெல்ஜியத்தின் பாலின் லூயே, பிரான்சின் ஜெரோம் நிக்லே இருவரும் அதன் சேர்மங்களின் நச்சில் மாண்டார்கள். கடைசியில் 1886-இல் பாரிஸில் ஆன்ரி முவாசான் வென்றார். 1906-இல் நோபல் பெற்றார். இவ்வளவு முரட்டுத் தனிமம் கார்பனோடு பிணைந்துவிட்டால் பிறகு லேசில் எதுவும் அதை அசைக்க முடியாது. 1938-இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட டெஃப்லான் பூசிய கல்லில் தோசை ஒட்டாததற்கு அதுதான் காரணம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஃபுளோரினின் இன்னொரு முகம் பல்லிலேயே தெரியும். அங்கே பாறைகளிலிருந்து கரையும் ஃபுளோரைடு ஆழ்துளைக் கிணற்று நீரில் ஏறுகிறது. எலக்ட்ரான் கிடைத்து அடங்கிய வடிவம்தான் ஃபுளோரைடு. ஆனாலும் அதற்குக் கால்சியத்தின் மேல் தீராத நாட்டம். அளவோடு இருந்தால் பல் எனாமலை உறுதியாக்கும். அதனால்தான் பற்பசையில் சேர்க்கிறார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், அளவு மிகமிக எலும்பும் இறுகும். பற்பசையைத் துப்பிவிடுகிறோம், தண்ணீரை அப்படிச் செய்ய முடியாதே! காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியோடு அமைந்து 2013-இல் தொடங்கப்பட்டது இதற்காகத்தான்.

புரோமின், அறை வெப்பத்தில் திரவமாக இருக்கும் ஒரே அலோகம். ஃபிலிம் கேமரா காலத்தில் ஒளியைப் பிடித்துவைத்தது அதன் வெள்ளிச் சேர்மம். இதே குடும்பத்தைச் சேர்ந்த, கதிரியக்கத்தால் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும் அஸ்டட்டைனும், நொடிக்குள் சிதையும் டென்னசினும் ஆய்வகத்தோடு சரி.

அயோடினைத் தேடி யாரும் போகவில்லை. 1811-இல், நெப்போலியன் படைக்கு வெடியுப்பு தயாரித்துக்கொண்டிருந்த பெர்னார் கூர்துவா, கடற்பாசிச் சாம்பலில் அமிலத்தைக் கூடுதலாக ஊற்ற, ஊதா நிற ஆவி எழுந்தது. தைராய்டு சுரப்பி இயங்க நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். அது கிடைக்காவிட்டால் முன்கழுத்துக் கழலை வரும். கர்ப்பிணிக்குக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1950-களில் மருத்துவர் வி. ராமலிங்கசாமி குழுவினர் சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒப்பிடுவதற்காக ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் போன இடங்களில் கழலை குறைந்தது. அதன் அடியொற்றி 1962-இல் தேசியத் திட்டம் வந்தது.

கடலிலிருந்து வருவதால் உப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தவறு. தூத்துக்குடி உப்பளத்தில் விளையும் உப்பிலும் அது தேவையான அளவுக்கு இல்லை. பொட்டாசியம் அயோடேட்டைத் தனியாகத்தான் கலக்க வேண்டும். அடுத்த முறை கல் உப்பு வாங்கும்போது பாக்கெட்டில் ‘அயோடின் கலந்தது’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ஈரம் படாமல் மூடி வையுங்கள்.