மூங்கிற்புதரில் கிடைத்த செல்வம்

சென்னை மாநகரின் மேற்கே, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் போரூரை அடுத்து அமைந்துள்ளது ஐயப்பன்தாங்கல். அதே சாலையில் மேற்கு நோக்கிச் சென்று பூவிருந்தவல்லியைக் கடந்தால் திருமழிசை என்னும் திருத்தலம் வரும். அருள்மிகு ஜெகந்நாதப் பெருமாள் எழுந்தருளியுள்ள இத்தலமே, பன்னிரு ஆழ்வார்களுள் ஒருவராகிய திருமழிசையாழ்வார் தை மாத மக நட்சத்திரத்தில் அவதரித்த தலமாகும்.

பார்க்கவ முனிவருக்கும் கனகாங்கிக்கும் மகவாகத் தோன்றிய இவர், பிறந்தபோது கை கால்கள் இன்றி வெறும் தசைப்பிண்டமாக இருந்தார் என்றும், பெற்றோர் மனம் வருந்தி ஒரு மூங்கிற்புதரின் அடியில் விட்டுச் சென்றனர் என்றும் குருபரம்பரை வரலாறு கூறுகிறது. இறையருளால் அப்பிண்டம் அழகிய குழந்தையாயிற்று. பிரம்பு அறுக்க வந்த திருவாளன் என்பவர் அக்குழந்தையின் அழுகுரலைக் கேட்டு, அதனை வாரியெடுத்துத் தம் மனைவி பங்கயச்செல்வியிடம் கொடுத்தார். மகப்பேறு இல்லாத அவ்வம்மையார் பெற்ற பிள்ளையாகவே வளர்த்தார். பால் உண்ணாதிருந்த குழந்தைக்கு நாள்தோறும் பால் கொண்டுவந்து ஊட்டியவர்கள், அயலில் வாழ்ந்த முதிய தம்பதியர். கண்டெடுத்தவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர், பால் கொடுத்தவர் வேறொருவர். ஓர் ஊரே சேர்ந்து காத்த குழந்தைதான் பின்னாளில் ‘நான்முகன் திருவந்தாதி’யும் ‘திருச்சந்த விருத்த’மும் அருளிச்செய்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசி வனத்தில் கண்டெடுக்கப்பட்டுப் பெரியாழ்வாரால் வளர்க்கப்பட்ட ஆண்டாளின் வரலாறும் இத்தகையதே. ஆதரவற்ற குழந்தையைக் காப்பது இம்மண்ணில் தொன்றுதொட்டு வரும் அறம். அந்த அறத்தை இன்றைய நாளில் எவ்வழியில் செய்வது என்பதைப் பக்தர்கள் அறிந்திருத்தல் நலம்.

இன்றைய நெறி

திருவாளனிடம் இருந்த இரக்கமே இன்றும் வேண்டுவது. ஆனால் கண்டெடுத்த குழந்தையை நேரே வீட்டுக்கு எடுத்துச் சென்று வளர்க்க இன்றைய சட்டம் இடம் தருவதில்லை. அதற்குத் தக்க காரணம் உண்டு. அக்குழந்தை திருவிழாக் கூட்டத்தில் தவறியதாக இருக்கலாம். எவரேனும் கடத்தி வந்ததாக இருக்கலாம். பெற்ற தாய் எங்கோ அழுதுகொண்டு தேடிக்கொண்டிருக்கலாம். மேலும், முறைப்படி தத்தெடுக்கப்படாத பிள்ளைக்கு வளர்த்தவரின் சொத்தில் மகனுக்கோ மகளுக்கோ உரிய உரிமை கிட்டாமற் போகும்.

ஆகவே, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின்படி, ஆதரவற்ற குழந்தையைக் காண்பவர் எவராயினும் 24 மணி நேரத்திற்குள் தெரிவித்தல் கடமையாகும். 1098 என்ற இலவசத் தொலைபேசி எண், அருகிலுள்ள காவல் நிலையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு ஆகிய இவற்றுள் ஒன்றிற்குத் தெரிவித்தால் போதுமானது. குழந்தைகள் நலக் குழு என்பது தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்டு மாவட்டந்தோறும் அமைக்கப்படுவது. குழந்தை எங்கே, எவர் பொறுப்பில் வளர வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் அக்குழுவுக்கே உரியது.

ஐயப்பன்தாங்கல் சுற்றுவட்டாரத்தில் ஒரு மயக்கம் ஏற்படக்கூடும். போரூர் சென்னை மாவட்டத்தையும், ஐயப்பன்தாங்கல் காஞ்சிபுரம் மாவட்டத்தையும், அடுத்துள்ள காட்டுப்பாக்கம் திருவள்ளூர் மாவட்டத்தையும் சேர்ந்தவை. சில கல் தொலைவுக்குள் மூன்று மாவட்டங்கள். எந்த மாவட்டத்துக் குழுவை அணுகுவது என்று தயங்கிக் காலம் கடத்த வேண்டுவதில்லை. 1098 எண்ணில் அழைத்து இருக்குமிடத்தைக் கூறினால், உரிய மாவட்டத்தாருக்கு அவர்களே தகவல் சேர்ப்பர்.

பிரியாதிருக்கச் செய்யும் உதவி

கைவிடப்பட்ட குழந்தையைக் காப்பதினும் மேலான அறம் ஒன்று உண்டு. குழந்தை கைவிடப்படாமலேயே காப்பது அது. பிழைப்பு நாடி வந்து வாடகை வீட்டில் வாழும் குடும்பங்கள் இப்பகுதியில் பல. உழைத்துக் காத்த தந்தை திடீரென்று மறைந்தால், உறவினர் அருகில் இல்லாத தாய் செய்வதறியாது திகைக்கிறாள். பிள்ளையை விடுதியில் சேர்ப்பதா, படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்புவதா என்ற நிலை வருகிறது. வறுமை ஒன்றே காரணமாகத் தாயையும் சேயையும் பிரித்தல் ஆகாது. இயன்றவரை பிள்ளை தன் குடும்பத்திலேயே வளர வேண்டும் என்பதே மேற்கண்ட சட்டத்தின் அடிப்படைக் கொள்கை.

இதற்கென ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தின்கீழ், தகுதியுடைய குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு வழங்கப்படுகிறது. கணவனை இழந்த அல்லது கணவனால் கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோரை இழந்து தாத்தா பாட்டி போன்ற உறவினரிடம் வளர்பவர்கள், கொடிய நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகள் முதலியோர் இதற்கு உரியவர்கள். குடும்ப ஆண்டு வருமானம் ஊரகப் பகுதியில் 72,000 ரூபாய்க்கும், ஏனைய பகுதிகளில் 96,000 ரூபாய்க்கும் மிகாதிருத்தல் வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். தமிழக அரசு 2025ஆம் ஆண்டில் ‘அன்புக்கரங்கள்’ என்னும் திட்டத்தையும் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத குழந்தைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் வழங்க வகைசெய்தது இத்திட்டம்.

இவ்வுதவிகள் உண்டென்பதே பல தாய்மார்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்க்கோ வருமானச் சான்று முதலிய ஆவணங்களைத் திரட்டுவது மலைப்பாகத் தோன்றுகிறது. விண்ணப்பம் எழுதித் தருவதும், உடன்சென்று அலுவலகத்தில் அமர்வதும் பொருட்செலவு இல்லாத தொண்டுகள். அன்று பால் கொண்டுவந்த முதியவர்கள் செய்ததும் இத்தகைய அண்டை வீட்டுத் தொண்டே.

பெற்றவர்க்கு வளர்க்க இயலாத நிலை வந்துவிட்டாலும், குழந்தையை மறைவிடத்தில் விட்டுச் செல்லலாகாது. குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் அளிக்கப்படும். தமிழகத்தில் 1992ஆம் ஆண்டு சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும் பச்சிளம் உயிர்களைக் காக்கும் பொருட்டு ஏற்பட்டதே. மகப்பேறு வேண்டுவோர் அரசின் தத்தெடுப்பு இணையதளத்தில் பதிவு செய்து காத்திருத்தலே நேர்வழி. இடைத்தரகரிடம் பணம் கொடுத்துக் குழந்தையைப் பெறுவது ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

கோபுர வாசலில்

திருக்கோயில் வாசலில் கைக்குழந்தையுடனோ தனியாகவோ கையேந்தி நிற்கும் சிறுவர்களைக் கண்டு மனமிரங்கிக் காசு இடுவது பக்தர்களின் இயல்பு. அக்காசு பெரும்பாலும் பிள்ளையின் பசியைத் தீர்ப்பதில்லை. மறுநாளும் அப்பிள்ளை அங்கேயே நிற்பதற்குக் காரணமாகிறது. குழந்தையைப் பிச்சையெடுக்கப் பயன்படுத்துவோர்க்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பசித்த பிள்ளையை அன்னதானக் கூடத்திற்கு அழைத்துச் சென்று உணவளித்து, 1098க்கு ஒருமுறை அழைப்பதே அப்பிள்ளைக்குச் செய்யும் மெய்யான தருமம்.

மூங்கிற்புதரிலிருந்து எழுந்த அழுகுரலைத் திருவாளன் கேளாமற் சென்றிருந்தால் ஓர் ஆழ்வாரை இவ்வுலகம் இழந்திருக்கும். இன்றும் எந்தத் தெருவில், எந்த வாசலில், எந்தக் குழந்தையின் உருவில் அக்குரல் ஒலிக்கும் என்பதை எவரும் அறியார். அக்குரலுக்குச் செவிசாய்த்து, நெறியோடு உதவுவோர் அனைவரும் இறையருள் பெற்று இனிது வாழ்வாராக.