காஸ் கிரில் அடுப்பும் அதில் சுடும் உணவும்

இறைச்சியையும் மீனையும் கிழங்கையும் தணலில் சுட்டு உண்பது மனிதன் அறிந்த சமையல் முறைகளுள் மிகப் பழையது. கரிக்குப் பதிலாக எரிவாயுவைப் பயன்படுத்தும் கிரில் அடுப்போ அண்மைக் காலத்தது. 1950, 1960-ஆம் ஆண்டுகளை ஒட்டி அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறங்களில் இடம்பெறத் தொடங்கிய இவ்வடுப்பு, இன்று நம் நாட்டு நகரங்களிலும் மொட்டை மாடிகளிலும் தோட்டங்களிலும் காணப்படுகிறது. கரியை ஊதிக் கண் சிவக்க வேண்டுவதில்லை. குமிழைத் திருகினால் தீ. ஆனால் கரி அடுப்பின் அபாயம் கண்ணுக்குத் தெரியும். காஸ் கிரிலைப் பொறுத்தவரையில், கண்ணுக்குத் தெரியாத இரண்டு விஷயங்களை அறிந்து நடந்துகொள்ளல் வேண்டும். ஒன்று அடுப்புக்குள் தேங்கும் வாயு. மற்றொன்று உணவின் உள்ளே உள்ள வெப்பநிலை.

சிலிண்டரில் அழுத்தத்தினால் திரவமாக்கி அடைக்கப்பட்டிருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவையாகும். இத்திரவம் வாயுவாக மாறும்போது ஏறக்குறைய 250 மடங்கு விரிகிறது. காற்றைவிடப் புரொப்பேன் சுமார் ஒன்றரை மடங்கும், பியூட்டேன் சுமார் இரண்டு மடங்கும் கனமானவை. ஆகவே கசிந்த வாயு புகையைப் போல் மேலெழுந்து கலைந்துவிடாது. நீரைப் போலத் தாழ்ந்த இடத்தை நாடித் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 முதல் 9 பங்கு வரை இது கலந்திருப்பின், தீப்பற்றுவதற்கு ஒரு பொறியே போதும். இயல்பாக இதற்கு மணம் கிடையாது. கசிவை நாம் உணரும் பொருட்டே எதில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ என்ற சொல் இன்று பெற்றுள்ள பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

கிரில் அடுப்பு என்பது மூடியுடன் கூடிய ஓர் உலோகப் பெட்டியே. அடியில் துளைகளுள்ள பர்னர் குழாய்களும், அவற்றுக்கு மேல் உணவை வைக்கும் கம்பித்தட்டும் இருக்கின்றன. மூடியைத் திறவாமலே குமிழைத் திருகி, தீப்பற்றவில்லையே என்று பொறி எழுப்பும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறவர், தம்மை அறியாமல் பெட்டியை வாயுவால் நிரப்புகிறார். பிறகு எழும் ஒரு பொறியில் அது முழுவதும் ஒருங்கே எரிந்து மூடியைத் தூக்கியடிக்கும். குனிந்து நிற்பவரின் முகந்தான் முதலில் வெந்துபோகும். எனவே மூடியைத் திறந்த பின்னரே வாயுவைத் திறத்தல் வேண்டும். சில விநாடிகளில் பற்றாவிடின் வாயுவை அடைத்து, மூடியைத் திறந்தபடியே விட்டு, ஐந்து நிமிஷமாவது காத்திருத்தல் அவசியம்.

சிலிண்டரை இணைத்தவுடன் இணைப்புகளின்மீது சோப்பு நீரைப் பூசிக் குமிழிகள் தோன்றுகின்றனவா என்று பார்க்கலாம். தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிப்பது அறிவீனம். பல நாள் பயன்படுத்தாமல் கிடந்த அடுப்பின் குழாய்களில் சிலந்தியோ குளவியோ கூடு கட்டியிருக்கக்கூடும். அப்போது வாயு தடைப்பட்டு வேண்டாத இடத்தில் எரியும். சுவாலை நீலமாக இருப்பதே சரியான நிலை. வீட்டுக்குள்ளும், மூன்று பக்கம் அடைத்த தாழ்வாரத்திலும் இவ்வடுப்பை மூட்டலாகாது. நிறமும் மணமும் அற்ற கார்பன் மானாக்ஸைடு அங்கே சேரக்கூடும்.

இனி உணவைக் கவனிப்போம். தீ நன்கு பற்றியபின் மூடியை மூடிப் பத்துப் பதினைந்து நிமிஷம் கம்பித்தட்டைக் காயவிடுதல் நலம். சுட்ட உணவின் பழுப்பு நிறமும் மணமும், புரதப் பொருள்கள் சர்க்கரைகளுடன் கூடும் வினையால் உண்டாகின்றன. 1912-இல் இதனை விவரித்த பிரெஞ்சு ரசாயனி மெய்லார்டின் பெயரால் இது வழங்குகிறது. மேற்பரப்பில் ஈரம் உள்ளவரை வெப்பநிலை 100 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே நிற்கும். இவ்வினையோ அதற்கு மேலே சென்றபின்தான் விரைவாக நிகழும். ஆதலால் கோழித் துண்டுகளை ஈரம் போகத் துடைத்துவிட்டு வைப்பவருக்கே நல்ல நிறம் கிடைக்கும்.

எனினும் நிறத்தைக் கண்டு ஏமாறலாகாது. வெப்பம் இறைச்சிக்குள் மெதுவாகவே செல்லும். வெளியே கருகியிருக்கும் கோழியின் தொடை எலும்பருகே பச்சையாகவே இருக்கலாம். சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அங்கே சாகாமல் தங்கிவிடும். ஒரு பக்கத்துப் பர்னரை ஏற்றி, மறுபக்கத்ததை அணைத்துவைப்பது சிறந்த உபாயம். சூடான பக்கத்தில் நிறம் வரச் செய்து, பிறகு அணைத்த பக்கத்துக்கு மாற்றி மூடிவிட்டால் உள்ளும் பதமாக வேகும். எலும்பில் படாமல், மிகத் தடித்த இடத்தில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தல் வேண்டும். அமெரிக்க விவசாய இலாகா கோழிக்கு 74 டிகிரியும், கொத்திய இறைச்சிக்கு 71 டிகிரியும், மீனுக்கு 63 டிகிரியும் விதித்திருக்கிறது. முழுத் துண்டான ஆட்டிறைச்சிக்கும் 63 டிகிரியே. ஆனால் இறக்கியபின் மூன்று நிமிஷம் ஆறவிட வேண்டும். மேற்பரப்பில் இருந்த கிருமிகள் கொத்தும்போது உள்ளெல்லாம் கலந்துவிடுவதால் கொத்துக்கறிக்கு அதிக வெப்பம் தேவைப்படுகிறது.

பச்சை இறைச்சி இருந்த தட்டிலேயே வெந்ததை எடுத்து வைப்பது இத்தனை கவனத்தையும் வீணாக்கும். ஊறவைத்த மசாலாவைக் கொதிக்கவைக்காமல் மேலே தடவுவதும் அவ்வாறே.

கொழுப்பு சொட்டித் தீ உயர்ந்தால் நீர் தெளித்தல் கூடாது. எரியும் கொழுப்பு நாற்புறமும் சிதறும். உணவை அணைத்த பக்கத்துக்கு நகர்த்தினால் பெரும்பாலும் தீ தானே அடங்கும். அக்கொழுப்புப் புகையில் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய சேர்மங்கள் இருப்பதால், கருகிய பகுதியை வெட்டி எறிவதில் தயக்கம் வேண்டாம். சமையல் முடிந்ததும் சிலிண்டரின் வால்வை முதலில் அடைத்து, குழாயில் எஞ்சிய வாயு எரிந்து தீர்ந்தபின் குமிழ்களை அடைக்க வேண்டும்.