கடிகாரத்துக்குள்ளே யார்?

வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்த்துத்தானே கூடையில் போடுகிறீர்கள்? ஆனால் மாப்பிள்ளைக்கு என்று பல ஆயிரம் ரூபாயில் கைக்கடிகாரம் வாங்கும்போது மட்டும் அதன் முகத்தைப் பார்த்தே மயங்கிவிடலாமா?

இப்போது 'மைக்ரோபிராண்டு' என்று ஒரு ரகம் வருகிறது. ஓரிருவர் தொடங்கி நடத்தும் சின்னஞ்சிறு கம்பெனிகள். கடை வைக்காமல் இணையத்திலேயே விற்பவை அநேகம். 2018-ல் தொடங்கிய பெங்களூர் வாட்ச் கம்பெனி நமக்கு அருகிலுள்ள உதாரணம்.

இவர்களில் பெரும்பாலோர் யந்திரத்தைச் சொந்தமாகச் செய்வதில்லை. ஜப்பானின் சைக்கோ, மியோட்டா, ஸ்விட்சர்லாந்தின் செல்லிட்டா ஆகியவற்றிடம் வாங்கிப் பொருத்துகிறார்கள். இதைக் குறையென்று எண்ணாதீர்கள். அதில்தான் உங்கள் பணத்துக்குக் காப்பு!

1961-ல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரக் கம்பெனியையே மூடுவதென்று 2016-ல் மத்திய அரசு முடிவு செய்தது. அப்படியிருக்க, சின்னக் கம்பெனிக்கு என்ன உத்தரவாதம்? ஆனால் உள்ளே இருப்பது பலரும் உபயோகிக்கும் யந்திரமானால், கம்பெனி போனாலும் பழுது பார்க்க வழியுண்டு.

சைக்கோவின் என்.எச்.35 அப்படிப்பட்டது. கை அசைவிலேயே சாவி ஏறும். முழுச் சாவியோடு கழற்றி வைத்தால் சுமார் 41 மணி நேரம் ஓடும். நாளைக்கு அரை நிமிஷம் முந்தினால் பயப்பட வேண்டாம். அது அதன் சுபாவம்.

ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே எந்த யந்திரம்? பழுதானால் எங்கே அனுப்புவது? வெளிநாட்டுச் சரக்கானால் சுங்கவரி யார் தலையில்?

பதில் சொல்லத் தயங்கும் கம்பெனியிடம், கடிகாரம் எத்தனை அழகானாலும், நீங்களும் தயங்குங்கள்!