ஆடு எங்கே நின்றால் புலி வெட்டாது?

தம்பி தங்கைகளே, சேலம் அம்மாபேட்டை நெசவுக்குப் பேர்போன இடம். தறியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது அங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியும். ஆடுபுலி ஆட்டத்தின் கட்டமும் அதுபோலத்தான். கோடுகள் ஒன்றையொன்று சந்திக்கும் புள்ளிகளில்தான் ஆட்டமே நடக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றின் கல்தளங்களில் இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உங்களுக்குத் தரையும் சாக்பீஸும் போதும்.

உச்சியில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து நான்கு கோடுகளைக் கீழே விரித்து இழுங்கள். அவற்றின் குறுக்கே மூன்று படுக்கைக் கோடுகளைப் போட்டு, இருபுறமும் கொஞ்சம் வெளியே நீட்டுங்கள். நீண்ட முனைகளைப் பக்கத்துக்கு ஒரு கோட்டால் சேர்த்து விடுங்கள். அடியில் அந்த நான்கு கோடுகளின் முனைகளையும் சேர்த்து ஒரு கோடு. இப்போது எண்ணுங்கள்: 1, 6, 6, 6, 4. மொத்தம் 23 புள்ளிகள்.

மூன்று கூழாங்கற்கள் புலி. 15 புளியங்கொட்டைகள் ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எல்லாம் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதே நேர்க்கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால், புலி தாண்டி ஆட்டை வெட்டும். மூன்று புலிகளும் நகர இடமில்லாமல் கட்டுப்பட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. எத்தனை ஆட்டை வெட்டினால் புலி ஜெயிக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும்; முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இனி அறிவியலுக்கு வருவோம். புலி நேர்க்கோட்டில்தான் தாண்டும். அப்படியானால், கோடுகள் முடிந்துபோகும் புள்ளியில் நிற்கும் ஆட்டை எப்படித் தாண்டும்? தாண்டவே முடியாது! அப்படிப்பட்ட இடங்கள் ஏழு: உச்சி, பக்கங்களின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரண்டு முனைகள். இன்னும் நான்கு புள்ளிகளில் ஒரே ஒரு கோட்டின் வழியாகத்தான் ஆபத்து வரும். மீதி 12 புள்ளிகளில் இரண்டு கோடுகள் வழியாகவும் வரும். ஆடுகளோ 15. ஏழு இடங்களில் ஒளிந்தாலும் எட்டு ஆடுகள் வெளியே நின்றாக வேண்டும். அவற்றின் முதுகுக்குப் பின்னால் காலியிடம் இல்லாமல் அடுத்த ஆடு நின்றால் புலியால் ஒன்றும் செய்ய முடியாது.

புலிக்கும் கணக்கு உண்டு. மூலையில் நிற்கும் புலியைக் கட்ட நான்கு காய்கள் போதும். இரண்டு வழியை அடைக்க, இரண்டு தாண்டும் இடத்தை நிரப்ப. உச்சியில் நிற்கும் புலிக்கு எட்டுக் காய்கள் வேண்டும். அதனால் புலியை மூலைக்குத் தள்ளுவதே ஆட்டுக்காரரின் சாமர்த்தியம்.

இப்படிப் புள்ளிகளையும் கோடுகளையும் மட்டும் வைத்துச் சிந்திக்கும் கணிதத்தை 1736-இல் தொடங்கி வைத்தவர் ஆய்லர் என்ற கணித அறிஞர். கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களில் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை மட்டும் கடந்து சுற்றிவர முடியுமா என்ற புதிருக்கு, முடியாது என்று நிரூபித்தார். செல்போன் வரைபடம் வழி காட்டுவதும் இந்தக் கணிதத்தால்தான்.

மூன்று புலிகளும் 15 ஆடுகளும் பலகையில் நிற்கக்கூடிய விதங்கள் மட்டும் 2,74,57,584. வினாடிக்கு ஒன்றாக இரவு பகல் பார்த்தாலும் 317 நாட்களுக்கு மேல் ஆகும். இத்தனையும் ஒரு சாக்பீஸ் கட்டத்துக்குள் இருக்கிறது!

பலம் உடம்பில் மட்டும் இல்லை, நிற்கும் இடத்திலும் இருக்கிறது என்பதை இந்த ஆட்டம் எண்ணிக் காட்டுகிறது. இந்த விடுமுறையில் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து ஆடுங்கள். எந்தப் புள்ளியில் ஆடு அதிகம் வெட்டுப்பட்டது, எங்கே புலி கட்டுப்பட்டது என்று நோட்டில் குறித்து வையுங்கள். அப்படிக் குறித்துப் பார்ப்பதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி.